ஒன்றரை வேகத்தில் ஒரு விமர்சகர்

காளிகாட் மெட்ரோ நிலையத்தை ஒட்டிய ஒரு சந்தில், மீன் வறுக்கும் வாசனைக்கும் பெருங்காய வாசனைக்கும் சமாதானம் ஏற்பட்டுப் பல வருஷங்களாகிவிட்ட ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில், நாடெங்கும் இளைஞர்கள் மதித்துப் படிக்கும் வீடியோ கேம் விமர்சகர் ஒருவர் குடியிருந்தார். அந்த இளைஞர்களுக்கு அவர் ‘அப்சர்வர்’. பால்காரருக்கு மூன்றாம் மாடி மாத்ராஜி பாபு. அலுவலகத்தில் ரங்கராஜன் சார். மூவரும் ஒருவரே என்கிற உண்மை அவருடைய மனைவி விஜயாவுக்கு மட்டும் தெரியும். அவளுக்கும் அதில் பெருமை ஒன்றும் இல்லை.

“அம்பத்து நாலு வயசுல ஒருத்தர் கார் பொம்மைக்கு மார்க் போடறார்னு யார்கிட்ட போய்ச் சொல்றது? சொன்னா, பாத்துக் கல்யாணம் பண்ணி வெச்சவாளைன்னா கேப்பா?” என்பது அவள் கட்சி.

ரங்கராஜன் மன்னார்குடிக்காரர். மத்திய அரசின் கணக்குத் தணிக்கை அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்து, இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று கல்கத்தாவுக்கு வந்தவர். அந்த இரண்டு வருஷம் இன்னும் முடியவில்லை. தணிக்கை என்பது உத்தியோகம் மட்டுமல்ல, ஒரு சுபாவம். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தாலும், பாயசம் இரண்டாம் சுற்று வராததை அவர் மனசு ஆட்சேபணையாகப் பதிவு செய்துகொள்ளும். யாருக்கும் சொல்ல மாட்டார். பதிவு மட்டும் செய்துகொள்வார்.

இப்பேர்ப்பட்ட மனிதர் கேம் விமர்சனத்துக்கு வந்த கதை சுருக்கமானது. பிள்ளை நரேன் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது தன் கேம் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனான். அதற்குத் தூசி தட்டப் போன அப்பா, தட்டிவிட்டுப் பார்த்தார், பார்த்துவிட்டு விளையாடினார், விளையாடி, முதல் கட்டத்திலேயே ஒரு குழியில் விழுந்தார். ஒரு வாரம் தினமும் அதே குழியில் விழுந்தார். இதற்கிடையில், அந்த கேமை ஆகா ஓகோ என்று புகழ்ந்து ஒரு இணையதளத்தில் வந்திருந்த விமர்சனத்தைப் படித்தார். அதில் குழியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தணிக்கை ரத்தம் கொதித்தது. பத்தி பத்தியாக எண் போட்டு, தமக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலமான அலுவலக ஆங்கிலத்தில், அந்த விமர்சனத்துக்கு ஒரு ஆட்சேபணை எழுதி அனுப்பினார்.

‘குழி தோண்டப்பட்டதன் நோக்கம் ஆவணங்களிலிருந்து புலப்படவில்லை. எனினும் குழி தரமானது. கதாநாயகன் அதில் விழும்போதெல்லாம், தான் அவசரப்பட்டதை உணர்கிறான் என்பது கவனிக்கப்பட்டது. ராஜகுமாரியை மீட்கும் பணி, ராஜகுமாரியின் ஒப்புதல் பெறப்படாமலேயே மேற்கொள்ளப்பட்டுள்ளது.’

அந்த இணையதளத்தின் ஆசிரியன் பெங்களூரில் இருந்த ஒரு இளைஞன். அவன் இதைப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து கீழே விழுந்து சிரித்தானாம். இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நையாண்டி செய்கிறவனைத் தன் ஜன்மத்தில் பார்த்ததில்லை என்றும், மாதாமாதம் எழுத முடியுமா என்றும் கேட்டான். ரங்கராஜன் நையாண்டி செய்யவில்லை. அவர் வாழ்க்கையில் நையாண்டி செய்ததே இல்லை. ஆனால் ஒரு ஆட்சேபணையை ஒருவர் இவ்வளவு மரியாதையாக ஏற்றுக்கொண்டது அவர் சர்வீஸிலேயே முதல் தடவை. சரி என்றார்.

முதல் இரண்டு வருஷம் அவர் எழுதியது நல்ல விமர்சனம். இதைச் சொல்லத்தான் வேண்டும். விளையாடத் தெரியாத மனிதர் முழுசாக விளையாடிப் பார்த்து எழுதினார். தோற்ற இடத்தில் ஏன் தோற்றேன் என்று எழுதினார். எந்த கேம் தோற்றவனைத் திரும்ப உட்கார வைக்கிறது, எது காதைப் பிடித்து வெளியே தள்ளுகிறது என்கிற விஷயம், கை சுறுசுறுப்பான பிள்ளைகளுக்குத் தெரியாமல் இவருக்குத் தெரிந்தது.

பிறகு புகழ் வந்தது. மாதம் ஒன்று, வாரம் ஒன்றாகி, வாரம் மூன்றானது. நாற்பது மணி நேரம் விளையாட வேண்டிய கேமை முழுசாக விளையாடிவிட்டு எழுது என்றால், மனிதர் ஆபீசுக்குப் போவதா வேண்டாமா? அப்போதுதான் அவருக்குத் தொழில் கைகொடுத்தது. தணிக்கையில் யாராவது எல்லா வவுச்சரையும் பார்க்கிறார்களா? கட்டிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றும் உருவிப் பார்த்து, முழுக் கட்டையும் பற்றி அபிப்பிராயம் எழுதுவார்கள். அதற்கு டெஸ்ட் செக் என்று பெயர். பல அரசாங்கங்கள் அதை நம்பித்தான் நடக்கின்றன. கேம்களுக்கும் அதுவே போதும் என்று ரங்கராஜன் தீர்மானித்தார். யாரோ ஒரு பையன் விளையாடிப் படம்பிடித்துப் போட்ட வீடியோவை, மெட்ரோவில் ஆபீஸ் போகும்போது போனில் அங்கங்கே தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். சாயங்காலம் வந்து எழுதிவிடுவார். கேம் பெட்டியின் மேல் விஜயா துவைத்த துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள்.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. நடை அப்படியேதான் இருந்தது. இன்னும் நன்றாகவே சிரித்தார்கள். அவர் மனசாட்சி மட்டும் எப்போதாவது ஒரு ஆட்சேபணை எழுப்பும். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று அதற்குப் பதில் எழுதி அனுப்பிவிட்டு அவர் அடுத்த கேமுக்குப் போய்விடுவார்.

அந்த வரிசையில்தான் ‘மோம்பாத்தி’ வந்தது.

மோம்பாத்தி என்றால் வங்காளத்தில் மெழுகுவத்தி. இரண்டு பேர் சேர்ந்து செய்த சின்ன கேம். பழைய வீடு ஒன்றில் கரண்ட் போய்விடுகிறது. ஆட்டக்காரர் கையில் ஒரு மெழுகுவத்தியோடு அறை அறையாகப் போக வேண்டும். அவ்வளவுதான். சண்டை இல்லை, வெடி இல்லை, ராஜகுமாரி இல்லை. அப்சர்வர் வழக்கம்போல் மெட்ரோவில் டெஸ்ட் செக் செய்தார். எஸ்பிளனேடில் இறங்குவதற்குள் அபிப்பிராயம் தயாராகிவிட்டது.

‘வீட்டார் அனைவரும் கடைசி ரயிலைப் பிடிக்கப் போகிறவர்கள்போல் பேசுகிறார்கள். மெழுகுவத்திக்குக் குளிர் ஜுரம் என்று ஐயுற இடமுண்டு. இருட்டில் நடப்பவருக்கு இத்தனை அவசரம் ஏன் என்பது விளக்கப்படவில்லை.’ பத்துக்கு நாலு.

அதைப் படித்துவிட்டு வேறு சில தளங்களும் ‘தறிகெட்ட வேகம்’ என்று எழுதின. அவர்கள் அப்சர்வரை டெஸ்ட் செக் செய்து எழுதினார்கள்.

அதற்கு ஒரு மாதம் கழித்து, இரண்டாம் மாடி ஜெய்ராமின் பெண் சாதனா சாப்பாட்டு நேரத்தில் மேலே ஏறி வந்தாள். மூன்று தலைமுறையாகக் கல்கத்தாவிலேயே இருக்கும் குடும்பம். சாதனாவுக்குத் தமிழைவிட வங்காளம்தான் சரளம். சித்தப்பா, சித்தி என்பதை வங்காளத்தில் சொல்வதுபோல், ரங்கராஜனைக் காகு என்றும் விஜயாவைக் காகிமா என்றும் கூப்பிடுவாள். ஜாதவ்பூரில் படிப்பை முடித்துவிட்டு வேலைக்குப் போகாமல் கம்ப்யூட்டரே கதி என்று கிடக்கிறாள் என்பதுதான் அவளைப் பற்றி ரங்கராஜனுக்குத் தெரிந்தது. என்ன செய்கிறாள் என்று அவர் கேட்டதில்லை.

“காகிமா, சாதம் இருக்கா? கீழ அம்மாகூட சண்டை.”

“உக்காரு. வத்தக்குழம்பு இருக்கு. என்ன மூஞ்சி இப்படி வாடிக் கெடக்கு?”

“எங்க கேம் செத்துப் போச்சு காகிமா. நானும் என்கூடப் படிச்ச மதுவும் ரெண்டு வருஷமா பண்ணினோமே, மோம்பாத்தி.”

ரங்கராஜன் அப்போது ரசம் விட்டுக்கொண்டிருந்தார். ரசம் தட்டைத் தாண்டி மேஜைக்குப் போனது.

விஜயாவுக்கு கேம் தெரியாது. ஆனால் புருஷன் தெரியும். ரசத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “ஏன் செத்துப் போச்சு?” என்று சாதனாவிடம் கேட்டாள். பார்வையை மட்டும் அவர் மேலிருந்து எடுக்கவில்லை.

“அப்சர்வர்னு ஒருத்தர் இருக்கார். ரொம்பப் பெரிய ஆள். அவர் எங்க கேம் ரொம்ப வேகமா ஓடறதுன்னு எழுதிட்டார்.”

“அந்த ஆள் கையில கெடச்சா என்ன பண்ணுவே?”

“கால்ல விழுவேன்.”

“என்னது?”

“நெஜமா காகிமா. நாங்க ரெண்டு வருஷமா அதையே பாத்துண்டிருக்கோம். எங்களுக்குத் தெரியல பாருங்கோ. அவருக்குத் தெரிஞ்சுது! அவர் சொன்னப்புறம்தான் எங்களுக்கே வேகமாத் தோண ஆரம்பிச்சுது. உடனே எல்லாத்தையும் மெதுவாக்கினோம். நடை, பேச்சு, மெழுகுவத்தி எரியறது, எல்லாம்.”

“அப்பறம்?”

“இப்போ விளையாடறவா எல்லாரும் தூக்கம் வரதுங்கறா. ஒருத்தன், பக்கத்து ரூமுக்குப் போறதுக்குள்ள டீ போட்டுக் குடிச்சுட்டு வந்தேன்னு எழுதியிருக்கான். சனிக்கிழமை நியூ டவுன்ல ஒரு ஷோ இருக்கு. அங்க கேம் வெளியிடற கம்பெனிக்காரா வரா. அவா எடுத்துண்டா இதையே தொடரலாம். இல்லேன்னா, திங்கக்கிழமை அப்பா சொன்ன ஐடி கம்பெனியில போய் உக்காரணும். அதுக்குத்தான் கீழ சண்டை.”

ரங்கராஜன் கையலம்பிவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்துபோனார். கை அலம்பும் இடத்தில் நின்றுகொண்டு, போனில் அந்த வீடியோவைத் திரும்பத் தேடி எடுத்தார். ஓடவிட்டார். வீட்டார் கடைசி ரயிலைப் பிடிக்கப் போகிறவர்கள்போல்தான் பேசினார்கள். அப்பாடா என்றிருந்தது. அப்போதுதான் திரையின் ஓரத்தில் இருந்த ஒரு சின்ன எண் கண்ணில் பட்டது. ஒன்றரை.

அது ஆபீசின் உபயம். அரசு ஊழியர்கள் கட்டாயமாகப் பார்த்து முடிக்க வேண்டிய பயிற்சி வகுப்புகள் என்று வீடியோக்கள் வரும். நேர மேலாண்மை பற்றி ஒருவர் மணிக்கணக்கில் பேசுவார். அவரை எல்லோரும் ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் ஓடவிடுவார்கள். ரங்கராஜனும் போன வருஷம் அப்படி மாற்றி வைத்தார். வைத்தது அப்படியே நின்றுவிட்டது. மற்ற கேம்களில் இது தெரியவே இல்லை. தலைதெறிக்க ஓடுகிற கார் எந்த வேகத்தில் ஓடினால் என்ன, கடைசியில் வெடிக்கத்தான் போகிறது. மோம்பாத்தியில் ஆட்கள் கிறீச்சிட்டுப் பேசியபோதுகூட, வங்காளத்தில் குடும்பச் சண்டை இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டார்.

ஒன்றரையை ஒன்றாக்கிவிட்டு ஓடவிட்டார். மெழுகுவத்தி ஜுரம் தெளிந்து நிதானமாக எரிந்தது. ஒரு பெண் இருட்டில் நிதானமாக நடந்தாள்.

“என்ன, கை அலம்பியாச்சா, இல்ல அலம்பிண்டே இருக்கேளா?” என்று விஜயா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

அன்று இரவு விஜயா படுக்கையை உதறிப் போடும்போது சொன்னாள்: “அந்தப் பொண்ணு இந்த ஆத்துச் சாதத்தைச் சாப்ட்டுட்டு உங்களுக்கு நமஸ்காரம் பண்றேங்கறா.” தலையணையை அவர் பக்கம் தள்ளிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ரங்கராஜன் ஒப்புக்கொள்வதற்கு முன்னால் மற்ற வழிகளையெல்லாம் பார்க்கத் தீர்மானித்தார். முதல் வழி, பக்கத்து வீட்டு மாமாவாக நல்ல வார்த்தை சொல்வது. மறுநாள் படிக்கட்டில் சாதனாவை நிறுத்தினார்.

“ஏம்மா, அந்த கேமைப் பழையபடியே வெச்சுடேன். எனக்கென்னவோ பழைய வேகம்தான் சரின்னு படறது.”

“நீங்க பாத்தேளா காகு?”

“இல்ல... பொதுவா சொன்னேன்.”

“பொதுவா!” சாதனா சிரித்தாள். கெட்ட சிரிப்பில்லை, குழந்தைக்குச் சிரிக்கிற சிரிப்பு. “காகு, அப்சர்வர் ஒரு கேமை ரெண்டு தடவை முழுசா விளையாடாம ஒரு வரி எழுத மாட்டாராம். எல்லாரும் சொல்றா. நீங்க பொதுவா சொல்றேள்.”

ரங்கராஜன் படியேறினார். தம் பேரில் தமக்கே பொறாமை வருவது எவ்வளவு அசௌகரியம் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

இரண்டாவது வழி, அப்சர்வராகவே திருத்தம் போடுவது. ஆபீசில் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு எழுதினார். ‘மறுபரிசீலனையில், மேற்படி கேமின் வேகம் ஆதியிலேயே சரியாக இருந்தது என்பது கவனிக்கப்பட்டது. பிழை கேமினுடையது அல்ல, கவனித்தவருடையது. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.’ ஒவ்வொரு சொல்லும் சத்தியம். இதைவிட நேராக அவருக்கு எழுதவும் தெரியாது.

அரை மணிக்குள் கீழே சிரிப்புப் பொம்மைகள் குவிந்தன. ‘அப்சர்வர் வருந்துகிறாராம்! ஐயோ, வயிறு வலிக்கிறது’ என்று ஒருவன். ‘இதற்குப் பேசாமல் பூஜ்யம் கொடுத்திருக்கலாம், பாவம்’ என்று இன்னொருவன். ஆசிரியன் தனியாகச் செய்தி அனுப்பினான்: ‘சார், கொன்னுட்டீங்க.’

சாயங்காலம் சாதனா மேலே வந்தபோது கண் சிவந்திருந்தது.

“காகிமா, அவர் எங்களைக் கிண்டல் பண்றார். ‘பிழை கவனித்தவருடையது’ன்னு எழுதியிருக்கார்.”

“அதுல என்ன கிண்டல்? தப்பு தன் பேர்லங்கறார்,” என்றாள் விஜயா.

“ஐயோ, உங்களுக்கு அவர் ஸ்டைல் தெரியாது. அவர் நேரா எதையும் சொல்ல மாட்டார். தப்பு என் பேர்லன்னு சொன்னா, நீங்க திருந்தவே மாட்டேள்னு அர்த்தம். மது சொல்றான், நாம குறைச்சது போதல, அவருக்கு இன்னும் வேகமாத் தெரியறதுன்னு. சனிக்கிழமைக்குள்ள இன்னும் மெதுவாக்கப் போறோம்.”

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ரங்கராஜன் பேப்பரை முகத்துக்கு இன்னும் நெருக்கமாகப் பிடித்துக்கொண்டார். சாதனா போனதும் பேப்பருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்தது.

“நீங்க சொல்றேளா, நான் சொல்லட்டுமா?”

“சொல்றேன்டி. சமயம் பாத்துச் சொல்லணும்.”

“சனிக்கிழமை அந்தப் பொண்ணு டிவி மாதிரி ஒண்ணை எடுத்துண்டு டாக்ஸியில போறா. மது முன்னாடியே போயிடறானாம். துணைக்குக் காகு வருவார்னு சொல்லிட்டேன். ஒரு மணி நேரம் ரோடு. அதுல சமயம் கெடைக்கலேன்னா, உங்களுக்கு எப்பவும் கெடைக்காது.”

சனிக்கிழமை காலை, ஆப்பில் கூப்பிட்ட டாக்ஸியின் பின் இருக்கையில், மடியில், அட்டைப்பெட்டியில் போட்ட ஒரு மானிட்டரைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு ரங்கராஜன் உட்கார்ந்திருந்தார். பைபாஸ் வந்தது. சொல்லவில்லை. சயின்ஸ் சிட்டி வந்தது. வாயைத் திறந்தார், “இங்க வெயில் ஜாஸ்தி” என்றார். சிங்க்ரிகாட்டா சிக்னலில் வண்டி நின்றது. பக்கத்து பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்த ஒருவர் இவரை உற்றுப் பார்த்தார். அந்த மனிதருக்கும் விஷயம் தெரிந்துவிட்டதுபோல் ரங்கராஜனுக்குத் தோன்றியது.

“சாதனா, நான்தான் அப்சர்வர்.”

“காகு, ப்ளீஸ். ஜோக் வேண்டாம்.”

ரங்கராஜன் மானிட்டரை முழங்காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டு, போனைத் திறந்து கொடுத்தார். அப்சர்வரின் கணக்கு, ஆசிரியனின் செய்திகள், பாதி எழுதிய அடுத்த விமர்சனம் எல்லாம் அதில் இருந்தன. சாதனா விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். சிக்னல் பச்சையாகி வண்டி நகர்ந்தது. அவள் நிமிர்ந்தபோது முகத்தில் கோபம் இல்லை. அதற்குப் பதில் ஒரு பிரகாசம் இருந்தது. அதைத்தான் ரங்கராஜனால் தாங்க முடியவில்லை.

“ஏன் காகு இத்தனை நாள் சொல்லல? அப்ப நேராவே கேக்கறேன். எந்த ரூம்ல ரொம்ப வேகமாத் தோணித்து? சமையலறையா? மாடிப்படியா? இன்னிக்கே சரி பண்ணிடறோம்.”

“நான் விளையாடல.”

“பின்ன?”

“வீடியோ பாத்தேன். மெட்ரோல. முழுசாக்கூட இல்ல. அங்கங்க.”

சாதனா போனை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“ஒன்றரை ஸ்பீடுல,” என்றார் ரங்கராஜன். இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று ஒரு க்ஷணம் நினைத்தார். சொல்லாவிட்டால் மறுபடியும் டெஸ்ட் செக்தான் ஆகும் என்பதால் சொன்னார். “ஆபீஸ் வீடியோவுக்காக மாத்தினது. அப்படியே இருந்துட்டுது. உன் கேம் சரியாத்தான் இருந்துது. தப்பு என் பேர்லதான். கிண்டல் இல்லம்மா. நெஜமாவே தப்பு என் பேர்லதான்.”

ஓட்டுநருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ரேடியோவைக் குறைத்தார்.

சாதனா தன் போனை எடுத்து மதுவைக் கூப்பிட்டு வங்காளத்தில் பேசினாள். “பழையதைப் போடு. மொத மொத வெளியிட்டோமே, அது... ஏன்னு கேக்காதே. கேட்டா அழுவேன். போடு, அவ்வளவுதான்.” போனை வைத்தாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னாள்: “அப்பா என்கிட்ட, எவனோ நாலு மார்க் போட்டதுக்கப்பறமும் ஏன் இதைக் கட்டிண்டு அழறேன்னு கேட்டார். எவனோ இல்லப்பா, ஒருத்தர் உக்காந்து முழுசா விளையாடிப் பாத்துட்டு நாலு போட்டிருக்கார், அதுவே பெரிசுன்னு சொன்னேன், காகு.”

“மன்னிச்சுக்கோம்மா.”

“மானிட்டரை நேராப் புடிங்கோ. விழுந்துடும்.”

நியூ டவுனில் அந்தக் கூடம் கல்யாண மண்டபம் அளவுக்கு இருந்தது. மேஜைக்கு மேஜை கேம்கள் வெடித்துக்கொண்டிருந்தன. நடுவே ஒரு மேஜையில் கறுப்புத் திரையும் ஒரு மெழுகுவத்தியும். மானிட்டரை மதுவிடம் ஒப்படைத்துவிட்டு, ரங்கராஜன் அதன் காலி அட்டைப்பெட்டியோடு ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். போகச் சொன்னால் போய்விடலாம். யாரும் சொல்லவில்லை.

கேம் வெளியிடும் கம்பெனியிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் காப்பிக் கோப்பை, முகத்தில் ‘அடுத்தது’ என்கிற பாவனை. நின்றுகொண்டே விளையாட ஆரம்பித்தார். விறுவிறுவென்று நடந்தார், மெழுகுவத்தி அணைந்தது. மறுபடி நடந்தார், மறுபடி அணைந்தது. பெண்மணி காப்பியைக் கீழே வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இந்தத் தடவை மெதுவாக நடந்தார். ஓரிடத்தில் நின்று, ஒரு பொத்தானை அழுத்தித் திரையில் சுடருக்குக் கை குவித்துக்கொண்டார். அப்படி நின்ற பிறகுதான் அந்த வீட்டின் இருட்டில் யாரோ மனசு விட்டுப் பேசத் தொடங்கினார்கள்.

வீடியோவில் இது இல்லவே இல்லை. அதை எடுத்த பையன் எங்கேயும் நின்றதில்லை. நிற்காதவன் காதில் இந்த வீட்டுச் சண்டை மட்டும்தான் விழும், நின்றவனிடம்தான் மனசு திறப்பார்கள் என்பது தூணுக்குப் பின்னால் இருந்தவருக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு வருஷத்துக் கேம்களில் இப்படி எத்தனை அறைகளைத் தாண்டி வந்துவிட்டோம் என்று யோசிக்க ஆரம்பித்து, யோசனையைப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பெண்மணி எழுந்தபோது காப்பி ஆறிப்போயிருந்தது. “இன்னும் எத்தனை அறை பண்ணலாம்னு யோசிச்சிருக்கீங்க?” என்று ஆங்கிலத்தில் கேட்டு, சாதனாவின் நம்பரை வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை பேசுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லவில்லை. ஆனால் திங்கட்கிழமைக்கு இப்போது வேறொரு வேலையும் இருந்தது. மது சாதனாவின் தோளைப் பிடித்து உலுக்கினான். ரங்கராஜன் அட்டைப்பெட்டியை மடித்து, அக்குளில் இடுக்கிக்கொண்டு, வாசல் பக்கம் நழுவினார்.

“காகு, எங்க போறேள்? வாங்கோ.”

“நான் எதுக்கும்மா? நீங்க பாருங்கோ. நான் இன்னிக்கே அந்த நாலு மார்க்கை...”

“மார்க் அப்பறம். உக்காருங்கோ.”

“வரிசையில ஆள் நிக்கறாளே.”

“நிக்கட்டும்.”

உட்கார்ந்தார். கட்டுப்பாட்டுக் கருவியைக் கையில் வாங்கியபோது விரல்களுக்கு அது எங்கே எப்படி என்பதே மறந்துபோயிருந்தது. முதல் அறையிலேயே மெழுகுவத்தி அணைந்தது. பின்னால் யாரோ உச்சுக் கொட்டினார்கள். மறுபடி அணைந்தது. காது மடல் சுட்டது. மூன்றாவது தடவை அவர் எதையும் அழுத்தவில்லை. வெட்கத்தில் அப்படியே நின்றுவிட்டார். சுடர் நிமிர்ந்தது. கை குவிக்கும் பொத்தானை மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. கூடத்துச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. சாதனா ஹெட்போனை எடுத்து அவர் தலையில் மாட்டினாள், ஒரு காதை மட்டும் விட்டு.

அந்த வீட்டு அப்பா பேசினார், வங்காளத்தில், கரண்ட் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்கிறவர்போல. ‘அந்த நீலத் தட்டு இருந்ததே, அதை உடைச்சது நான்தான். அம்மா உன்னை அடிச்சா. நான் பேப்பர் படிச்சிண்டு உக்காந்திருந்தேன்.’ மெழுகு ஒரு சொட்டு வழிந்தது. ‘நீ என் மூஞ்சியையே பாத்துண்டு அடி வாங்கினே.’

ரங்கராஜன் அசையவில்லை. அப்பா மூச்சை இழுத்துவிட்டு மேலே சொல்லத் தயாரானார்.

“அண்ணா, விளையாடறீங்களா, தூங்கறீங்களா?” என்று பின்னாலிருந்து ஒருவன் வங்காளத்தில் கேட்டான்.

“கொஞ்சம் பொறுத்துக்குங்க,” என்று சாதனா எல்லோருக்கும் கேட்கும்படி அதே வங்காளத்தில் சொன்னாள். “இவர் பெரிய விமர்சகர். என் கேமுக்கு மார்க் போட்டவர். இன்னிக்குத்தான் முதல் தடவையா விளையாடறார்.”

வரிசை முழுக்கச் சிரித்தது. ரங்கராஜன் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் கை நழுவும், நழுவினால் மெழுகுவத்தி அணைந்துவிடும். அப்பா இன்னும் சொல்லி முடிக்கவில்லை.